திருகோணமலையில் அம்மாவின் கணினி, வெளியூரில் நீங்கள்: எந்த ரிமோட் மென்பொருள்?

நிலாவெளியில் இருக்கும் அப்பாவின் பிரிண்டர் மக்கர் பண்ணினால், கணினியை ஓட்டோவில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோவதைவிட, கொழும்பிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை ரிமோட்டில், அதாவது இணையம் வழியாக அந்தக் கணினிக்குள் புகுந்து பார்ப்பது லேசு. எந்த மென்பொருள் என்று தேடினால் வசதிகளின் பட்டியல்தான் வந்து விழும். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அங்கே இருப்பவர் எத்தனை தடவை எதை அமத்த வேண்டியிருக்கும் என்று பாருங்கள். தேர்வு பாதிக்கு மேல் அதிலேயே முடிந்துவிடும்.

அம்மா கணினிக்கு முன்னால் இருக்கிறார், இரண்டு பக்கமும் விண்டோஸ் 10 அல்லது 11 என்றால், மைக்ரோசொப்டின் குயிக் அசிஸ்ட் போதும். பெரும்பாலான கணினிகளில் அது ஏற்கனவே இருக்கும். இல்லாவிட்டால் மைக்ரோசொப்ட் ஸ்டோரில் இலவசமாக எடுக்கலாம். உதவி செய்பவருக்கு மட்டும் மைக்ரோசொப்ட் கணக்கு வேண்டும். நீங்கள் குயிக் அசிஸ்டைத் திறந்து, 'ஹெல்ப் சம்வன்' என்பதை அமத்தி, கணக்கில் நுழைந்தால் ஒரு குறியீடு வரும். 10 நிமிடத்தில் அது காலாவதியாகிவிடும், ஆகவே அம்மா கண்ணாடி தேடி எடுத்த பிறகு குறியீட்டை உண்டாக்குங்கள். பிறகு தொலைபேசியில்: "அம்மா, கண்ட்ரோல், விண்டோஸ், கியூ மூண்டையும் சேர்த்து அமத்துங்கோ." குறியீட்டை அவர் அடித்து 'அலவ்' கொடுத்ததும் திரை உங்களுக்குத் தெரியும். முதலில் பார்க்க மட்டும்தான் முடியும். மவுஸைக் கையில் எடுக்க நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும், அவர் இன்னொரு தடவை சம்மதிக்க வேண்டும்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எதையாவது நிறுவப் போகும்போது விண்டோஸ் 'யெஸ், நோ' என்று நிர்வாகி அனுமதி கேட்கும். அந்த நேரம் உங்கள் திரை கறுப்பாகிவிடும். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்துப் பலர் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். அந்தப் பெட்டி அம்மாவுக்கு மட்டும்தான் தெரிகிறது, அவர்தான் 'யெஸ்' கொடுக்க வேண்டும். நிறுவத் தொடங்க முன்பே, "இப்ப ஒரு கேள்வி வரும், யெஸ்ஸை அமத்துங்கோ" என்று சொல்லி வையுங்கள்.

ஒரு பக்கம் மக், மறுபக்கம் விண்டோஸ் என்றால் கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டொப் பக்கம் போகலாம். ஒருமுறை உதவிக்கு அம்மாவின் கணினியில் 12 இலக்கக் குறியீடு வரும், அதை நீங்கள் உங்கள் பக்கம் அடிக்க வேண்டும். அது 5 நிமிடம்தான் செல்லும், ஒரு தடவைதான் பயன்படும். உதவி நீண்டால் இடையிடையே, தொடர்ந்து பகிரவா என்று அம்மாவின் திரையில் கேட்கும். அவர் அடுப்படிக்குப் போயிருந்தால் இணைப்பு போய்விடும். மக் கணினியில் எந்த மென்பொருளானாலும் 'பிரைவசி அன்ட் செக்யூரிட்டி' பகுதியில் திரைப் பதிவு, அக்செசிபிலிட்டி என்ற இரண்டு அனுமதியும் கொடுக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் படம் தெரியும், மவுஸ் அசையாது.

ஆள் இல்லாத நேரத்திலும் நுழைய வேண்டுமா? குரோம் ரிமோட் டெஸ்க்டொப்பில் குறைந்தது 6 இலக்க இரகசிய எண் (PIN) வைத்து அதைச் செய்யலாம். ஆனால் பலர் தங்கள் சொந்த கூகுள் கணக்கையே அம்மாவின் குரோமில் திறந்துவிட்டு வருகிறார்கள். உங்கள் மின்னஞ்சல் முழுக்க அந்தக் கணினியில் திறந்து கிடக்கும். இதற்கென்றே ஒரு தனிக் கணக்கை உண்டாக்குங்கள்.

இன்னொரு ரிமோட் மென்பொருளான எனிடெஸ்க் சிறிய கோப்பு, நிறுவாமலும் ஓடும், மெல்லிய இணைப்பிலும் தாக்குப்பிடிக்கும். டீம்வியூவர் பழகிய பெயர். இரண்டும் சொந்தப் பாவனைக்கு இலவசம். அடிக்கடி பல கணினிகளுக்குள் போய்வந்தால் வணிகப் பாவனை என்று சந்தேகப்பட்டு இணைப்பை இடையில் வெட்டும். உறவுக்காரர் வீடுகள் எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் வைத்தியர் என்றால் இது நடக்க வாய்ப்பு அதிகம். அப்படியானவர்களுக்கு ரஸ்ட்டெஸ்க் பரவாயில்லை: திறந்த மூல மென்பொருள், விரும்பினால் சொந்த சேர்வரிலும் ஓட்டலாம். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அதைச் சந்தேகத்தோடு பார்க்கும். மோசடிக்காரரும் அதைப் பயன்படுத்துவதுதான் காரணம்.

விண்டோஸோடு வரும் ரிமோட் டெஸ்க்டொப்பை இதற்கு விட்டுவிடுங்கள். ஹோம் பதிப்புக்குள் அதனால் நுழைய முடியாது. புரோ பதிப்பில் நீங்கள் நுழைந்தால் அங்குள்ள திரை பூட்டப்பட்டுவிடும், அப்பா ஒன்றையும் பார்த்துப் பழக முடியாது. அதற்காக ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து அது நுழையும் வழியை, திறந்துவிடுவது வீட்டு வாசலைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி. மேலே சொன்ன மற்றவை எல்லாம் இடையிலுள்ள சேர்வர் வழியாக இணைவதால், 4ஜி ரவுட்டர் உள்ள வீட்டில்கூட எந்த அமைப்பையும் மாற்றத் தேவையில்லை.

வேகம் மந்தமானால் பழி பெரும்பாலும் உங்கள் பக்க இணைப்பில் இருக்காது. திரையை அனுப்புவது அம்மாவின் கணினி, ஆகவே அங்குள்ள அப்லோட் வேகம்தான் கணக்கு. பின்னேரம் எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரம் 4ஜி இழுத்து இழுத்து வரும். மென்பொருளில் படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். அம்மாவின் போனை வைஃபையிலிருந்து எடுத்து மொபைல் டேட்டாவில் விட்டு வட்ஸ்அப்பில் கதையுங்கள். குரலும் திரையும் ஒரே இணைப்பில் அடிபடாது. டொரொண்டோவில் உள்ளவர்களுக்குச் சனிக்கிழமை காலை தோதான நேரம்: அங்கே கோடையில் 8 மணி என்றால் இங்கே மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30.

ஆள் இல்லாமல் நுழையும் ஏற்பாடு தோற்றுப்போக முதல் காரணம் கணினி தூங்கிப்போவது. பவர் அமைப்பில், மின்சாரத்தில் இருக்கும்போது 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' ஆக்குங்கள். இரண்டாவது கரண்ட். மழைக் காலத்தில் மின்னல், இடி, கரண்ட் போய்வருவது எல்லாம் சேர்ந்து வரும். டெஸ்க்டொப் என்றால் பயோஸில் (விண்டோஸ் தொடங்க முன் திறக்கும் அமைப்புப் பகுதி), கரண்ட் வந்ததும் தானாக இயங்கச் சொல்லும் அமைப்பு பெரும்பாலும் இருக்கும். ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் (கரண்ட் போனாலும் ஓட வைக்கும் பட்டரி) ஒன்று வாங்கலாம். வாங்க முன் ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று பாருங்கள், எல்லாம் 12 வோல்ட் அல்ல. இடி முழங்கும்போது வயரைக் கழற்றிவிடும் வீட்டில் இந்த ஏற்பாடு எதுவும் நிற்காது. கழற்றுவதுதான் சரி, அவர்களைத் தடுக்க வேண்டாம்.

இதையெல்லாம் பொங்கலுக்கோ லீவுக்கோ ஊருக்கு வரும்போது செய்துவிடுங்கள். தூரத்திலிருந்து "கூகுளில தேடி இறக்குங்கோ" என்று சொல்வது ஆபத்து, தேடலின் மேலே வரும் விளம்பரங்களில் போலித் தளங்கள் இருந்திருக்கின்றன. நீங்களே நிறுவி, குறுக்குவழியை டெஸ்க்டொப்பில் வைத்து, 'பிள்ளையின் உதவி' என்று பெயர் மாற்றுங்கள். புறப்பட முன் ஒரு சோதனை: உங்கள் லப்டொப்பை வீட்டு வைஃபையில் விடாமல் போனின் ஹொட்ஸ்பொட்டில் போட்டு நுழைந்து பாருங்கள். பிறகு அம்மாவின் கணினியை ரீஸ்டார்ட் செய்து, அவர் பாஸ்வேர்ட் அடிக்க முன்பே நுழைய முடிகிறதா என்றும் பாருங்கள்.

தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் வரும். உங்கள் பக்கம் தமிழ் விசைப்பலகை, அந்தப் பக்கமும் தமிழ் என்றால் எழுத்து குழம்பும். உங்களுடையதை ஆங்கிலத்தில் விட்டு, அங்கே மட்டும் தமிழுக்கு மாற்றுங்கள். அல்லது உங்கள் பக்கம் எழுதிக் கொப்பி பண்ணி அங்கே ஒட்டுங்கள். பழைய கடிதம் ஒன்று ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துருவை நிறுவினால் சரி, வைரஸ் என்று பயப்படத் தேவையில்லை.

பாதுகாப்புக்கு வீட்டில் ஒரு விதி: குறியீட்டை வாயால் மட்டும் சொல்வது, அதுவும் அம்மாவே உங்கள் இலக்கத்துக்கு எடுத்த அழைப்பில் மட்டும். வங்கி, மைக்ரோசொப்ட் என்று சொல்லி யார் எடுத்தாலும் போனை வைத்துவிட வேண்டும். உங்கள் வட்ஸ்அப்பிலிருந்து எழுத்தில் குறியீடு கேட்டு வந்தாலும் கொடுக்கக்கூடாது, அந்தக் கணக்கே களவு போயிருக்கலாம். வங்கி வேலை பார்க்கும் கணினியில் ஆள் இல்லாமல் நுழையும் வசதி வேண்டாம். மற்றவற்றில் நீண்ட பாஸ்வேர்டும், இருந்தால் இரட்டைச் சரிபார்ப்பும் போடுங்கள்.

பிரச்சினை கணினியில் இல்லை, போனில் என்றால், வட்ஸ்அப் வீடியோ அழைப்பிலேயே திரையைப் பகிரலாம். நீங்கள் பார்க்கலாம், தொட முடியாது. பெரும்பாலும் அது போதும். அன்ட்ரொயிட் போன்கள் பலவற்றை டீம்வியூவர் குயிக்சப்போர்ட் மூலம் இயக்கவும் முடியும். ஐபோனில் இப்படியான மென்பொருள்களால் பார்க்க மட்டும்தான் முடியும். இணைய இணைப்பே போய்விட்டால் ரிமோட் ஒன்றும் செய்யாது. வீடியோவில் ரவுட்டரின் விளக்குகளைக் காட்டச் சொல்லி, அதை நிறுத்தி ஒரு நிமிடம் விட்டுப் போடச் சொல்வதிலிருந்து தொடங்குங்கள்.