நிமிர்ந்து உட்கார்ந்தால் மட்டும் முதுகுவலி போகுமா?

முதுகுவலி என்று சொன்னதும் எல்லோரும் கொடுக்கும் முதல் அறிவுரை, "நிமிர்ந்து உட்காரு." சரி என்று கொஞ்ச நேரம் விறைப்பாக உட்கார்ந்து பார்ப்போம், முதுகு கடுக்கும், பழையபடி சரிந்துவிடுவோம். உண்மையில் கூன் போடுவதைவிட, எப்படி உட்கார்ந்தாலும் அப்படியே அசையாமல் இருப்பதுதான் பெரிய தவறு. விலை உயர்ந்த நாற்காலி வாங்கியவர்கள் இதில் சுலபமாக மாட்டுகிறார்கள். முதுகை நாற்காலி பார்த்துக்கொள்ளும் என்று மதியம்வரை எழுந்திருப்பதே இல்லை. அரை மணிக்கு ஒருமுறையாவது எழுந்திருங்கள். போன் வந்தால் நடந்துகொண்டே பேசுங்கள். நின்று வேலை செய்யும் மேசை வாங்கி நாள் முழுக்க நிற்பதும் இதே தவறுதான்.

அடுத்தது பாரம் தூக்குவது. "முட்டியை மடக்கித் தூக்கு" என்பது பாதி விஷயம்தான். பெட்டி உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் கணக்குப்படி, மற்ற எல்லாம் சாதகமாக இருந்து, சுமை கணுக்காலிலிருந்து 25 செ.மீ. தூரத்துக்குள் இருந்தால் உச்ச வரம்பு 23 கிலோ. அதே சுமை 50 செ.மீ. தள்ளிப் போனால் வரம்பு பாதியாகிவிடும். அதனால் மேசைக்கடியில் இருக்கும் பெட்டியைக் கையை நீட்டி அப்படியே தூக்காதீர்கள். முதலில் இழுத்து, இரண்டு பாதங்களுக்கும் நடுவில் கொண்டுவந்து, வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள். அப்புறம் அலமாரிப் பக்கம் திரும்ப இடுப்பைத் திருகாமல், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். பலருக்கும் "பிடித்துக்கொள்வது" அந்தத் திருகலில்தான்.

பாரம் தூக்கும்போது இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டால் பயமில்லை என்பதும் வீண் நம்பிக்கை. அடிபடாதவர்கள் முன்னெச்சரிக்கையாக அதை அணிவதை நியாஷ் பரிந்துரைக்கவில்லை.

வலி வந்தபிறகு செய்யும் தவறு, படுத்தே கிடப்பது. ஓரிரு நாள் ஓய்வு சரி. அதற்கு மேல் படுத்திருந்தால் தசைகள் இறுகி, மீள்வது தாமதமாகும். தாங்குகிற அளவுக்கு நடமாடினாலே பெரும்பாலான வலிகள் சில வாரங்களில் தணிந்துவிடும். நடைப்பயிற்சியைத் தொடர்ந்தால் வலி திரும்புவதும் தள்ளிப்போகிறது என்று 2024-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது.

உடனே ஸ்கேனுக்கு ஓடுவதும் வேண்டாம். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் தட்டு, பிதுங்கியிருந்தது. ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டுக் குனியவே பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயமே அவர்களை முடக்கிவிடுகிறது.

ஆனால் சில அறிகுறிகளைப் பொறுத்துப் பார்க்கக் கூடாது. வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, ஏற்கெனவே புற்றுநோய் இருந்த வரலாறு, கீழே விழுந்தபின் வந்த கடும் வலி என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். கால் பலவீனமாகிக்கொண்டே போனாலோ, தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ மறுநாள்வரைகூடக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.