பலத்துக்காக வெயிட் தூக்க வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

கபடியில் பிடி உறுதியாக வேண்டும், வாலிபாலில் இன்னும் கொஞ்சம் எகிற வேண்டும், ஓட்டத்தில் வேகம் கூட வேண்டும் என்று ஜிம்முக்கு வருபவர்கள் நிறையப் பேர். முதல் நாளே அவர்கள் கையில் கிடைப்பது திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் கை என்று பிரித்த பாடிபில்டிங் அட்டவணை. தசையைப் பெரிதாக்க அது நல்ல வழிதான். ஆனால் எகிறவும் ஓடவும் கால், இடுப்பு, முதுகு எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து உழைக்க வேண்டும். அதைப் பழக்குவது ஸ்குவாட் (பார் எனும் எடைக்கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் பாரைப் பிடித்து நிமிர்ந்து நிற்பது), தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், சொல்லித்தர ஆள் இருந்தால் ஸ்நாட்ச் (தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல்), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, அது கிளீன்; பிறகு தலைக்கு மேல், அது ஜெர்க்). 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ எடைப்பிரிவில் 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி வெள்ளி வென்றார். கையின் சுற்றளவை மட்டும் பார்த்துப் பலத்தை அளந்துவிட முடியாது.

அடுத்தது அவசரம். முதல் சில வாரங்களில் தூக்கும் எடை மளமளவென்று ஏறும். அதில் பெரும்பங்கு நரம்புகள் வேலையைக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை அப்போது பெரிதாக வளர்ந்திருக்காது. தசையைவிட மெதுவாகப் பலப்படுபவை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள். உற்சாகத்தில் வாரம் பத்துப் பத்துக் கிலோவாக ஏற்றுகிறவர்களுக்கு முழங்காலும் தோள்பட்டையும் வலிக்க ஆரம்பிப்பது இதனால்தான். பாரில் மாட்டும் எடைத்தட்டான பிளேட்டில் 1.25 கிலோவை எடுத்துப் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டால் மொத்தம் இரண்டரைக் கிலோதான் கூடும். அந்தச் சின்ன பிளேட்டை எடுக்கக் கூச்சமே வேண்டாம்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம், டெட்லிஃப்டில் பார் கிடக்கும் உயரம். போட்டியில் பயன்படுத்தும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதை மாட்டினால் பாரின் நடுமையம் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். நம் ஜிம்களில் புதியவர் மாட்டுவது சின்ன இரும்பு பிளேட். பார் கிட்டத்தட்ட பாதத்தை உரசிக்கொண்டு கிடக்கும். அதை எட்டிப் பிடிக்கக் குனியும்போது கீழ்முதுகு வில்லாக வளைந்துவிடுகிறது. "முதுகை நேராக வை" என்று எத்தனை முறை கத்தினாலும் அந்த ஆழத்தில் பலருக்கு அது முடியவே முடியாது. பிளேட்டுகளுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குக் கட்டையோ வேறு பிளேட்டுகளோ வைத்து பாரை உயர்த்துங்கள். பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே பார் இருக்கட்டும். மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கிய பிறகு, தரையைக் காலால் அழுத்தி எழுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் மூச்சை அடக்கித் தூக்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

கிளீன், ஸ்நாட்ச் பழகுகிறவர்கள் கையால் இழுக்கிறார்கள். இடுப்பு முழுதாக நிமிரும் வரை கை வெறும் கயிறுதான். முழங்கை அதற்குமுன் மடங்கினால் காலின் வேகம் பாருக்குப் போய்ச் சேராது. பார் உடம்பை விட்டு விலகினாலும் அதே கதி. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 149 கிலோ ஸ்நாட்ச் செய்து தங்கம் வென்றார். அந்த வீடியோ கிடைத்தால் மெதுவாக ஓட்டி, பார் எவ்வளவு நெருக்கமாக மேலேறுகிறது என்று பாருங்கள். பிளேட் இல்லாத வெறும் பாரே ஆண்களுக்கானது 20 கிலோ, பெண்களுக்கானது 15. அதுவும் கனமாக இருந்தால் பிவிசி பைப்பில் பழகலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

வேகமான லிஃப்டை முதலில் செய்யுங்கள், ஸ்குவாட்டை அப்புறம். அரை மணி நேரம் டிரெட்மில்லில் ஓடிக் களைத்த கால்களோடு ஸ்நாட்ச் வேண்டாம். கனமான செட்டுகளுக்கு (நிறுத்தாமல் சில முறை தூக்கும் ஒரு சுற்றுதான் செட்) இடையே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு எடுப்பது சோம்பேறித்தனம் ஆகாது. மெத்தென்ற ரன்னிங் ஷூவில் ஸ்குவாட் செய்தால் கால் ஆடும். தட்டையான கெட்டி அடி உள்ள ஷூ போதும்.

சாப்பாட்டில் நம் வீடுகளில் இட்லி, தோசை, சோற்றுக்குக் குறைவில்லை, புரதம்தான் குறைகிறது. உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் அளவில் புரதம் வேண்டும். முட்டை, மீன், சுண்டல், தயிர், பருப்பு என்று மூன்று வேளையும் பிரித்துச் சேர்த்தால் பெரும்பாலும் எட்டிவிடலாம். "சீக்கிரம் ஏறும்" என்று யாராவது ஊசியோ மாத்திரையோ நீட்டினால் அந்த ஜிம்மையே மாற்றிவிடுங்கள்.

வலியையும் பிரித்தறியப் பழகுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை முழுக்கப் பரவலாக வலிப்பது சாதாரணம். மூட்டில் ஓரிடத்தில் சுருக்கென்று குத்தினாலோ, முதுகிலிருந்து காலுக்கு வலி இறங்கினாலோ அந்த செட்டை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.