நல்ல காரியத்துக்காக நடக்கவோ ஓடவோ இறங்குமுன்: எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

கல்முனை வரை நடந்து ஒரு பாடசாலைக்கு நூலகம், பொத்துவில் வரை சைக்கிள் ஓடி வைத்தியசாலைக்கு ஓர் இயந்திரம், மாதம் முழுக்கக் கல்லடிக் கடற்கரையில் ஓடி ஒரு பிள்ளையின் சத்திரசிகிச்சைச் செலவு. இப்படி உடம்பை வருத்தி நிதி சேர்க்கிற ஆசை மட்டக்களப்பு, அம்பாறை இளம் பிள்ளைகளிடம் இருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. அது நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பயிற்சி பிழைத்தால் பெரும்பாலும் ஒருவருக்குக் கால் வலி, நாலு நாளில் மாறிவிடும். காசுக் கணக்கு பிழைத்தால், அதே ஊரில் பிறகு நல்ல நோக்கத்தோடு வருகிற பத்துப் பேருக்கும் கதவு திறக்காது. அதனால் காலைப் பற்றிப் பேசுமுன் காசைப் பற்றிப் பேசுகிறேன்.

எதற்கு, எவ்வளவு?

‘வறிய மாணவர்களுக்கு உதவுவோம்’ என்ற ஒற்றை வரியோடு கிளம்புவதுதான் முதல் பிழை. எந்தப் பாடசாலை, எத்தனை பிள்ளைகள், என்ன வாங்கப் போகிறீர்கள், என்ன விலை என்று கேட்டால் பதில் இருக்காது. பதில் இல்லாத இடத்தில் சனம் நூறு ரூபாவைத் தந்து அனுப்பிவிடும். மனமிருந்தும் ஆயிரத்தைத் தராது.

முதலில் அதிபரிடமோ வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியிடமோ போய், உண்மையில் என்ன தேவை என்று கேளுங்கள். நாங்கள் கொடுக்க நினைப்பதும் அவர்களுக்குத் தேவைப்படுவதும் பல வேளைகளில் வேறு வேறு. கணினி கொடுக்கப் போன இடத்தில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு போடுவதுதான் அவசரமாக இருக்கும். இயந்திரம் என்றால் பழுது வந்தால் திருத்துவது யார், அதற்கு வேண்டிய பொருட்கள் தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தேவையை எழுத்தில் வாங்கி, கடையில் கொட்டேசன் எடுத்து, அந்தத் தொகையையே இலக்காக வையுங்கள். கூடச் சேர்ந்தால் மிச்சம் எங்கே போகும், குறையச் சேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ரொறன்ரோவில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு ரெறி ஃபொக்ஸின் பெயர் தெரிந்திருக்கும். அங்கே பிள்ளைகள் ஒவ்வொரு செப்டெம்பரிலும் அவர் பெயரால் ஓடுகிறார்கள். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்த இளைஞர் 1980 இல் செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்காக ஓடக் கிளம்பினார். அவர் கேட்டது ஆளுக்கு ஒரு டொலர். அப்போது அந்த நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. என் பங்கு எவ்வளவு என்று கேட்பவர் உடனே கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது அதில் பெரிய பலம்.

எங்கள் நாட்டில் 2011 இல் நடந்த ‘ட்ரெயில்’ நடைபயணத்திலும் இந்தத் தெளிவு இருந்தது. தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்தார்கள். சேர்கிற காசு தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலைக்கு என்று முன்பே தெரிந்திருந்தது. 2016 இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கே, காலி கராப்பிட்டியவின் புற்றுநோய் வைத்தியசாலைக்காக நடந்தார்கள். இரண்டு முறையும் நடை எங்கே முடியும் என்பது போலவே காசு எங்கே போகும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

காசு யார் கையில்?

சொந்த வங்கிக் கணக்கு இலக்கத்தைப் பேஸ்புக்கில் போட்டுவிடுவது மிக இலகு. நேர்மையான பிள்ளைகளும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதே கணக்கில் சம்பளமும் விழும், சீட்டுக்காசும் விழும், தம்பியின் வகுப்புக் கட்டணமும் அதிலிருந்து போகும். மூன்றாம் மாதம் எது யாருடைய காசு என்று கணக்கு வைத்திருப்பவருக்கே தெரியாது.

பாடசாலைக்கு என்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு நேரே போகச் செய்யுங்கள். அமைப்பு ஒன்றுக்கு என்றால், அது 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவானதா என்று கேட்டு, பதிவிலக்கத்தைப் போஸ்டரிலேயே போடுங்கள். இரண்டும் முடியாவிட்டால், இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் காசு எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு புதிதாக ஒரு கூட்டுக் கணக்குத் திறக்கலாம்.

இங்கிலாந்தில் 2020 இல், நூறு வயதை எட்டப் போகிற முன்னாள் படைவீரர் ரொம் மூர் வீட்டுத் தோட்டத்தில் நூறு சுற்று நடந்து ஆயிரம் பவுண் சேர்க்க நினைத்தார். மூன்று கோடியே இருபது லட்சம் பவுணுக்கும் மேல் வந்தது. அது சுகாதார சேவைக்கான தொண்டு அமைப்புக்கே போய்ச் சேர்ந்தது, அதில் பிரச்சினை வரவில்லை. ஆனால் அவர் பெயரால் குடும்பத்தார் தொடங்கிய அறக்கட்டளையில் தொண்டும் சொந்த ஆதாயமும் கலந்துபோனதாக அந்த நாட்டின் அறக்கட்டளை ஆணைக்குழு 2024 இல் அறிக்கை வெளியிட்டது. உலகம் கொண்டாடிய ஒரு பெயருக்கே அந்த நிலை என்றால், எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவனின் பெயர் எத்தனை நாள் தாங்கும்?

கையில் வாங்குகிற காசுக்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். திகதி, பெயர், தொகை, பற்றுச்சீட்டு இலக்கம், வாங்கியவர் ஒப்பம் என்று ஐந்து நிரல் போடுங்கள். பெயர் வேண்டாம் என்பவருக்கு ‘நலன்விரும்பி’ என்று எழுதலாம். அவருக்கும் பற்றுச்சீட்டு இலக்கம் இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை எழுதி இரண்டு பேர் ஒப்பமிடுங்கள். பிழை விட்டால் பழைய எண் தெரியும்படி ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். வெள்ளை மை பூசிய பக்கத்தை யாரும் நம்ப மாட்டார்கள். அன்றிரவே பக்கத்தைப் படமெடுத்து ஏற்பாட்டுக்குழுவின் வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்.

அப்புறம் செலவு. ரீசேட், பதாகை, ஒலிபெருக்கி, பொன்னாடை, பிரமுகர்களுக்குச் சிற்றுண்டி என்று போனால், பிள்ளைகளுக்கு வந்த காசில் பாதி விழாவுக்கே சரி. இது எனக்குப் பொறுக்க முடியாத தவறு. ஐந்நூறு ரூபா தந்த ஒரு தையல்காரப் பெண் பதாகைக்காகத் தரவில்லை. செலவுக்கு வேறாக ஒரு ஆதரவாளரைப் பிடியுங்கள், அல்லது பொருளாகக் கேளுங்கள்: ஒரு கடை தண்ணீர் தரும், ஒரு மருந்துக்கடை நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பைக்கற்று தரும். பொன்னாடை இல்லாவிட்டால் யாருக்கும் ஒரு குறையும் வராது.

‘கிலோமீற்றருக்கு இவ்வளவு’ என்று வாக்கு வாங்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஏறக்குறைய 40 கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு 100 ரூபா என்றால் ஒருவருக்கு 4,000, ஐம்பது பேருக்கு 2 லட்சம். 27 ஆவது கிலோமீற்றரில் கால் பிசகி நின்றுவிட்டால் ஆளுக்கு 2,700 தானா, முழுத்தொகையா? அதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். நிற்க நேர்ந்தால் மறைக்கவும் வேண்டாம். ரெறி ஃபொக்ஸும் முடிக்கவில்லை. 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடியபின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நின்றார். பெருந்தொகை வந்தது அதற்குப் பிறகுதான். வாக்குத் தந்தவர்களிடம் ஒரு கிழமைக்குள் போய்விடுங்கள், மாதம் கடந்தால் கேட்பவருக்குக் கூச்சம், கொடுப்பவருக்கு மறதி.

வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கேட்கும்போது “போன முறை அனுப்பின காசுக்கு என்ன நடந்த, மருமகன்?” என்ற கேள்வி கட்டாயம் வரும். கோபப்படாமல் பழைய கணக்கை அனுப்பிவிட்டுப் புதியதைக் கேளுங்கள். லண்டனில் வரி கட்டுகிற மாமா, அங்கே பதிவான தொண்டு அமைப்பினூடாகக் கொடுத்தால் ‘கிஃப்ட் எய்ட்’ முறையில் அரசு ஒரு பவுணுக்கு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். மருமகனின் கணக்குக்கு அனுப்பினால் அது கிடைக்காது.

வெயிலும் கச்சானும்

சரி, இனி உடம்பு. வெளிநாட்டிலிருந்து ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் வந்த மூன்றாம் நாளே நடக்கத் தொடங்குவதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் விசயம். அது கச்சான் காற்று அடிக்கிற காலம். உலர்ந்த சுடுகாற்றில் வியர்வை வந்த கையோடு காய்ந்துவிடும், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போகிறது என்றே தெரியாது. குளிர்நாட்டிலிருந்து வந்த உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு கிழமை வேண்டும். வந்ததும் தினமும் கொஞ்ச நேரம் நடந்து பழகி, கடைசிக் கிழமையில் நிகழ்வை வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயே இருந்தும் நாள் முழுக்க ஏசி அறையில் வேலை செய்பவருக்கும் இது பொருந்தும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மழை, வெள்ளம். சுனாமி நினைவாக டிசம்பர் 26 இல் ஓட நினைப்பவர்கள் மழைக்கு ஒரு மாற்றுத் திட்டம் வைத்திருக்க வேண்டும். பெப்ரவரி, மார்ச்சு பலருக்கும் வசதி. அதிலும் நோன்பு மாதமா என்று பாருங்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வழியாகப் போகிற பயணத்தில் அந்த ஊர்ச் சனமும் கூட வந்தால்தான் அழகு. அவர்கள் நோன்போடு இருக்கும்போதோ வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலோ போய் நின்றால் யார் வருவார்கள்? ஆடி அமாவாசைக்கு ஊரே மாமாங்கக் கோயிலில் நிற்கும். பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கி கட்டினால் திட்டுத்தான் வாங்குவீர்கள்.

“எங்கட சனம் கதிர்காமத்துக்கே நடக்கிற சனம், இதென்ன பெரிய விசயம்” என்று பயிற்சியைத் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. பாதயாத்திரை போகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். விடியுமுன் எழும்பி நடப்பார்கள், வெயில் ஏறினால் கோயில் மண்டபத்திலோ மர நிழலிலோ ஆறுவார்கள், எளிய சாப்பாடு, கையில் சிறு பொதி. உகந்தை தாண்டிக் காட்டுக்குள் இறங்கும்போது அவர்களுடைய கால் பல நாள் பழகியிருக்கும். அந்த நிதானத்தைப் படித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

40 கிலோமீற்றர் நடக்கப் போகிறவர் அதற்குமுன் ஒருமுறையாவது 28, 30 கிலோமீற்றர் நடந்திருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டாதீர்கள் என்பது ஓட்டக்காரர்களின் பழைய கணக்கு, புதிதாகத் தொடங்குபவருக்கு நல்ல கடிவாளம். நிகழ்வுக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்தை அன்றைக்கே போட்டால் கொப்புளம் நிச்சயம். நீரிழிவு, பிரஷர், நெஞ்சு நோ உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இறங்கவே கூடாது. நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவருக்கு நீண்ட நடையில் சீனி சட்டென்று இறங்கலாம், இனிப்பு கையில் இருக்கட்டும்.

தண்ணீர் குடிக்காமல் போவதை எல்லோரும் தவறென்று சொல்வார்கள். வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, தடுமாற்றம், வலிப்பு வரை போகலாம். தாகத்துக்குக் குடியுங்கள், நீண்ட நேரமானால் இடையில் ஜீவனியைப் பைக்கற்றில் சொன்ன அளவு நீரில் கரைத்துக் குடியுங்கள். கஞ்சியும் உப்புப் போட்ட மோரும் நல்லது. முழங்கால் வலிக்கும் என்று முன்கூட்டியே டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரை விழுங்கிவிட்டு வெயிலில் இறங்குவது சிறுநீரகத்துக்குக் கேடு. அடுத்த நாள் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

கூட நடப்பவர் உளறினால், கால் தள்ளாடினால், உடம்பு கொதித்தால் அது களைப்பில்லை, வெப்பத் தாக்கு. பெனடோல் அதற்கு வேலை செய்யாது. நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் எப்போதும் குழுவோடு இருக்க வேண்டும்.

பாதை

பொத்துவில் பெருவீதியில் பஸ்கள் வருகிற வேகம் எல்லோருக்கும் தெரியும். பொலிஸுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, ஒளிரும் மேலங்கி போட்டு, நடப்பவர்கள் எதிரே வருகிற வாகனங்களைப் பார்த்தபடி வலது ஓரமாக ஒற்றை வரிசையில் போங்கள். இருட்டில் மாடுகள் றோட்டில் படுத்திருக்கும், சைக்கிள்காரர்கள் கவனம். செங்கலடியிலிருந்து புல்லுமலை, மகா ஓயாப் பக்கமோ பொத்துவிலிலிருந்து பாணமைப் பக்கமோ போகிறவர்கள் விடியுமுன்னும் அந்திக்குப் பின்னும் றோட்டில் நிற்க வேண்டாம், யானை வரும். வாவியை நீந்திக் கடக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், முதலை உண்டு.

படங்கள்

முடிந்தபின் நடக்கும் ஒரு தவறு எவ்வளவு சொன்னாலும் குறைவதாயில்லை. மேடையில் ஒரு பிள்ளையை நிறுத்தி, கையில் பெரிய மட்டைக் காசோலையைக் கொடுத்து, சுற்றிவர எட்டுப் பெரியவர்கள் சிரித்தபடி படம். அந்தப் பிள்ளை கமெராவைப் பார்க்காது, நிலத்தைப் பார்க்கும். அதன் பெயர், பாடசாலை, தகப்பன் இல்லாதது, வீட்டு வறுமை எல்லாம் படத்துக்குக் கீழே எழுதியிருக்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் படம் அங்கேயே கிடக்கும். சத்திரசிகிச்சைக்குக் காசு சேர்ப்பவர்கள் நோயாளியின் அறிக்கைகளை அப்படியே போடுவதும் இதே கொடுமைதான். குடும்பத்தின் சம்மதத்தோடு, தேவையான அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். சந்தேகப்படுபவர் கேட்டால் நேரில் காட்டலாம்.

படம் வேண்டுமென்றால் நூலக அலுமாரியைப் போடுங்கள், பொருத்திய இயந்திரத்தைப் போடுங்கள், அதிபர் ஒப்பமிட்ட கையளிப்புக் கடிதத்தைப் போடுங்கள். வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, தந்த எல்லோருக்கும் இரண்டு கிழமைக்குள் அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து, ஒன்றும் கேட்காமல் இன்னொரு தகவல் போகட்டும்: அந்த இயந்திரம் இப்போது வேலை செய்கிறதா, அலுமாரியில் எத்தனை புத்தகம் இருக்கிறது, கதவுக்குப் பூட்டு நிற்கிறதா என்று.