சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம்: சிறப்புப் பயிற்றுநர் உதவியில் நடக்கும் தவறுகள்

பேச்சு வராத, எழுத்துப் பிடிபடாத குழந்தையின் பெற்றோர் செய்யும் முதல் தவறு, ‘மாற்றுத்திறன் சான்றிதழ் வரட்டும், பிறகு பள்ளியில் சேர்க்கலாம்’ என்று ஓராண்டைக் கடத்துவது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசுப் பள்ளியும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதற்கு, குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற கணக்கு கிடையாது. குறிப்பிட்ட சில சலுகைகளுக்குத்தான் அந்தக் கணக்கு. கற்றல் குறைபாட்டுக்குப் பொதுவாக 8 வயதுக்கு முன் சான்றிதழ் தரவும் மாட்டார்கள். அதுவரை கற்பிக்காமல் விட்டால் மூன்றாம் வகுப்பு வந்துவிடும். அந்த இழப்பை ஈடுகட்டுவது மிகக் கடினம்.

சேர்த்தவுடன் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸ் பதிவில் குழந்தையின் குறைபாடு ஏறியிருக்கிறதா? பல குழந்தைகள் உதவி வளையத்துக்கு வெளியே போவது இந்த இடத்தில்தான். வட்டாரப் பள்ளிகளுக்குச் சிறப்புப் பயிற்றுநரை அனுப்பும் வட்டார வள மையம், மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு ஆள் அழைப்பதும், உபகரணம் கேட்டு அனுப்புவதும் இந்தப் பதிவின் பட்டியலைப் பார்த்துத்தான். ஆதாரில் ஒரு பெயர், எமிஸில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்றிருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் தாமதமாகும். மாற்றுத்திறன் மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு வரும் ஊக்கத்தொகையும் வங்கிக் கணக்கு சரியில்லை என்று நின்றுபோகும்.

அடுத்த தவறு பள்ளியின் பக்கம். ‘அந்தப் பிள்ளையை சிறப்புப் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார்’ என்று வகுப்பாசிரியர் ஒதுங்கிவிடுவது. தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் வகுத்துத் தந்தது. ஆனால் வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குச் சுற்றி வருபவர். அவர் வராத நாட்களே அதிகம். ஆகவே ஒவ்வொரு வருகையிலும் அடுத்த வருகைவரை வகுப்பாசிரியர் தினமும் 10 நிமிடம் செய்ய வேண்டிய பயிற்சியை ஒரு தாளில் எழுதி வாங்கி வைக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத வருகை, வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து மட்டுமே.

ஒரு குழந்தைக்கென்று தனியாக இலக்கு எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்திலும் குறை உண்டு. ‘எழுத்துகளை அறியச் செய்தல்’ என்று எழுதினால், நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘ப, ம, ட, க, ல ஆகிய ஐந்து அட்டைகளில், சொல்லும் எழுத்தை 5க்கு 4 முறை எடுத்துத் தருவான், ஆறு வாரம்’ என்று எழுதுங்கள். ஆறு வாரத்தில் வரவில்லையென்றால் குறை குழந்தையிடம் இல்லை. அட்டையைக் குறைக்க வேண்டும், அல்லது மணலில் விரலால் எழுதுவது போன்ற வேறு வழிக்கு மாற வேண்டும்.

உபகரணம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. காதொலிக் கருவியின் சிறிய பட்டன் பேட்டரி, நாள் முழுக்கப் போட்டிருந்தால் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். குழந்தை சொல்லாது, கருவியைக் காதில் மாட்டியபடியே கேட்காமல் உட்கார்ந்திருக்கும். காலையில் கருவியை உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள்: கீச்சென்று சத்தம் வந்தால் வேலை செய்கிறது. காதில் மாட்டியபின்னும் கீச்சிட்டால், காதுக்குள் பொருந்தும் காது அச்சு பெரும்பாலும் குழந்தையின் காதுக்குச் சிறிதாகிவிட்டது. புதிய அச்சு எடுக்கச் சொல்லுங்கள்.

சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கும் அளவு உண்டு. 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்பதால், 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும். இடமில்லை என்று பாதியில் முடித்தால் சக்கர நாற்காலி பின்னால் சாயும்.

வீட்டுவழிக் கல்வியில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் கடுமையான குறைபாடும் பல்வகைக் குறைபாடும் உள்ள குழந்தைகளுக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்தது. தேர்வு குழந்தையின் பக்கம். ‘இங்கே பார்த்துக்கொள்ள ஆளில்லை’ என்று பள்ளி தள்ளிவிட அதில் இடமில்லை. அப்படிச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு வட்டார வள மையத்துக்கும், அங்கே அசையவில்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

ஐந்தாம் வகுப்பு முடித்துப் பள்ளி மாறும்போது மாற்றுச் சான்றிதழ் மட்டும் கைக்கு வரும், கல்வித் திட்டக் கோப்பு பீரோவிலேயே தங்கிவிடும். புதிய பள்ளி மீண்டும் அ, ஆவில் தொடங்கும். மார்ச் மாதமே கோப்பின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.