பாதர் கல்யாணம், பெண் குரு, சபை சரித்திரம்: மூஞ்ச திருப்பிக்காம வாதாடுறது எப்படி

கத்தோலிக்கர் நாலு பேர் ஒண்ணா உக்காந்தா யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சிடுவாங்க, "பாதருங்களுக்கு கல்யாணம் பண்ணி வச்சிட்டா எல்லாம் சரியாயிடும்"னு. உடனே இன்னொருத்தர் "அது இயேசுவே போட்ட சட்டம், கை வைக்கக்கூடாது"ம்பாரு, அரை மணி நேரத்துல மாமாவும் மச்சானும் பேச்ச நிறுத்திடுவாங்க. நானும் இதுல பல தடவ கத்தி தொண்ட கட்டுனவன் தான். இப்பல்லாம் முதல்ல ஒண்ணு கேட்டுக்கிறேன்: நாம பேசுறது மாத்தக்கூடிய சட்டமா, மாத்த முடியாதுன்னு திருச்சபை சொல்ற போதனையா, இல்ல என்ன நடந்துச்சுங்கிற சரித்திரமா? மூணையும் ஒரே மூட்டையில கட்டுறதுனால தான் பாதி சண்டை வருது.

மணத்துறவு, அதாவது குருக்கள் கல்யாணம் பண்ணாம இருக்கணும்ங்கிறது, சட்டம் தான், விசுவாசக் கோட்பாடு கிடையாது. லத்தீன் திருச்சபைக்கு (உலகத்துல பெரும்பாலான கத்தோலிக்கர் இதுல தான்) திருச்சபையோட சட்டத்தொகுப்புல 277ம் சட்டத்துல இருக்கு. போப்ப ஏத்துக்கிட்டு ரோமோட ஒண்ணா இருக்குற கிழக்குத் திருச்சபைங்களான உக்ரைன் கிரேக்க கத்தோலிக்கர்லயும் லெபனான் மரோனைட்லயும் பொண்டாட்டி புள்ளைங்களோட இருக்குற குருக்கள் இன்னைக்கும் இருக்காங்க. இத சொன்னதும் ஜெயிச்சுட்டோம்னு துள்ளாதீங்க, ஏன்னா அங்கயும் கல்யாணம் ஆனவர் குரு ஆகலாமே தவிர குரு ஆனவர் கல்யாணம் பண்ணிக்க முடியாது, ஆயருக்கு மனைவி இருக்கவும் கூடாது.

வருஷம் சொல்லும்போது ரொம்ப ஜாக்கிரதை. "சொத்து வாரிசுக்கு போயிடும்னு 1139ல தான் தடை போட்டாங்க"ன்னு ஒரு ஃபார்வர்டு வருஷக்கணக்கா சுத்துது. அந்த வருஷம் இரண்டாம் லாத்தரன் சங்கம் (சங்கம்னா ஆயர்கள் கூடி முடிவு எடுக்குற கூட்டம்) சொன்னது, குருப்பட்டம் வாங்குனவர் பண்ற கல்யாணம் கல்யாணமே ஆகாதுன்னு. ஆனா 4ம் நூற்றாண்டு தொடக்கத்துலயே ஸ்பெயின்ல எல்விரா சங்கம், அப்புறம் 385ல திருத்தந்தை சிரீசியுஸ் எழுதுன கடிதம், ரெண்டுமே கல்யாணமான குருக்கள் மனைவியோட சேரக்கூடாதுன்னு சொல்லிருக்கு. சொத்து பயமும் ஒரு காரணம் தான், அதுவே முழுக்கதைன்னு அடிச்சு விடாதீங்க. எதிர்ல இருக்குறவர் "அப்போஸ்தலர் காலத்துல யாருக்கும் குடும்பமே இல்ல"ன்னா, மாற்கு 1:30 எடுத்து காட்டுங்க, பேதுருவோட மாமியார் காய்ச்சல்ல படுத்திருக்காங்க. மாமியார் சும்மா வருவாங்களா?

பெண் குரு பேச்சு வந்தா கொஞ்சம் நிதானமா போங்க. இங்க ரெண்டு கேள்வி இருக்கு, குருவா, திருத்தொண்டரா (டீக்கன், குருவுக்கு கீழ இருக்குற பட்டம்). குருத்துவத்துக்கு 1994ல இரண்டாம் ஜான் பால், பெண்களுக்கு குருப்பட்டம் கொடுக்க திருச்சபைக்கு அதிகாரமே கிடையாது, இத உறுதியா ஏத்துக்கணும்னு எழுதிட்டாரு. அதனால "அடுத்த போப் வந்தா கையெழுத்து போட்டுடுவாரு"ன்னு பேசுறவங்க விஷயம் தெரியாம பேசுறாங்க. அந்த எழுத்துக்கு எவ்வளவு கனம்னு வாதாடுற இறையியல்காரங்க இருக்காங்க, வாதாடணும்னா அங்க வாதாடுங்க. திருத்தொண்டர் கேள்வி வேற, அதுக்கு திருத்தந்தை பிரான்சிஸ் 2016லயும் 2020லயும் ஆராய குழு போட்டாரு.

எங்க பைபிள் வகுப்புல ஒரு அக்கா உரோமையர் 16:1 படிச்சாங்க. பழைய மொழிபெயர்ப்புல பெபேயாள்ங்கிறவங்க "ஊழியக்காரி", கிரேக்கத்துல டியாகொனோஸ். "பாத்தீங்களா, டீக்கன்!"னாங்க அக்கா. பக்கத்துல இருந்த அண்ணன், கானாவூர் கல்யாணத்துல ஜாடியில தண்ணி ரொப்புன வேலைக்காரங்களுக்கும் யோவான் 2:5ல அதே வார்த்தை தான்னு எடுத்து போட்டாரு. அக்கா விடல, "அவங்க ஜாடிக்கு ஊழியக்காரங்க, இவங்கள பவுல் ஒரு சபையோட பேர சொல்லி அந்த சபைக்கு ஊழியக்காரிங்கிறாரே"ன்னாங்க. முடிவு வரல, ஆனா ரெண்டு பேரும் வசனத்த தொட்டு பேசுனாங்க, ஒருத்தர ஒருத்தர் "நீ பிரிவினைக்காரன்", "நீ பழம்பஞ்சாங்கம்"னு திட்டிக்கல. எனக்கு அது போதும்.

"நாம எல்லாருமே குரு தானே"ன்னு 1 பேதுரு 2:9 தூக்கிட்டு வர்றவங்களுக்கு ஆமான்னே சொல்லுங்க, திருமுழுக்கு வாங்குன எல்லாருக்கும் பொதுக்குருத்துவம் உண்டு. ஆனா அதுவும் பட்டம் வாங்குன பாதர்களோட பணிக்குருத்துவமும் அளவுல மட்டும் இல்ல, தன்மையிலயே வேறன்னு இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லுது, அதே சங்கம் தான் ஒண்ணுக்கொண்ணு தொடர்பு உள்ளதுன்னும் சொல்லுது. பாதர் பக்கம் பேசுறவங்க முதல் பாதியோட நிறுத்திக்குவாங்க, மத்தவங்க ரெண்டாம் பாதிய மட்டும் படிப்பாங்க.

இன்னொரு சின்ன விஷயம், மறைமாவட்ட குருக்கள் வறுமை வார்த்தைப்பாடு கொடுக்குறதில்ல, அது துறவற சபைக்காரங்களுக்கு. "வார்த்தைப்பாடு கொடுத்துட்டு கார் எப்படி"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி அவர் எந்த வகைன்னு பாத்துக்கோங்க.

போன வாரம் மாமாகிட்ட இதெல்லாம் பொறுமையா சொன்னேன். கேட்டுட்டு எழுந்து போயிட்டாரு, சரி கோபம்னு நெனச்சேன். ராத்திரி போன்: "ஏம்ப்பா, கல்யாணமானவங்கள நிரந்தர திருத்தொண்டரா வைக்கலாம்னு 1967லயே வழி பண்ணிட்டாங்களாமே, அவர் பொண்டாட்டி செத்துட்டா மறுபடி கட்டிக்கலாமா?" பொதுவா முடியாது மாமான்னேன். "அப்ப நாளைக்கு வா, அத பேசணும்"னு வச்சிட்டாரு.