ஏரிக்கரை முட்டைகளுக்கு நாம் செய்யும் உபகாரங்கள்

பங்குனி பிறந்து காவேரிப்பாக்கம் ஏரியில் நீர் வடிய ஆரம்பித்தால், கரையோரம் வெடித்த மண்ணும் சரளைக்கல்லுமாக வெளியே வரும். ஆள்காட்டி, பட்டாணி உப்புக்கொத்தி ஆகிய பறவைகள் முட்டையிடத் தேடுவது இப்படிப்பட்ட வெட்டவெளியைத்தான். கூடு என்பது பேச்சுக்குச் சொல்வது. தரையில் ஒரு சிறு குழி, ஓரத்தில் பொடிக்கற்களும் ஆட்டுப் புழுக்கையும், நடுவில் புள்ளி விழுந்த நாலு முட்டை. காலடியில் இருந்தாலும் தெரியாது.

தெரியாமல் மிதிப்பவர்களைவிடத் தெரிந்துகொண்டு காப்பாற்ற வருபவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. முதல் குற்றவாளி நானே. வண்டல் மண் எடுக்கும் டிராக்டர் ஏறிவிடக் கூடாது என்று ஒரு கூட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசிய கற்களை வட்டமாக அடுக்கினேன். மறுநாள் முட்டை இல்லை. கற்களின் மேல் காக்கை உட்கார்ந்திருந்தது. இப்போதெல்லாம் முப்பது தப்படி தள்ளி ஒரு குச்சி நடுகிறோம். ஓட்டுநரிடமும் ஆடு மேய்க்கும் பெரியவரிடமும் நேரில் போய்ச் சொல்கிறோம்.

அடுத்தது படம் எடுக்கும் ஆசை. வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். அந்த நேரத்தில் தாய்ப்பறவை உட்கார்ந்திருப்பது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. நீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். நீங்கள் கேமராவோடு நிற்கும் வரை அது திரும்பி வராது; நண்பகலில் கால் மணி நேரம் நின்றாலே முட்டைக்குள் இருக்கும் உயிருக்கு ஆபத்து. பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தாலோ, இறக்கை முறிந்ததுபோல் நொண்டினாலோ, வந்த வழியே திரும்புங்கள். இடத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

குஞ்சு தனியாக நிற்கிறதே என்று தூக்கி வருவதும் வேண்டாம். கோழிக்குஞ்சைப் போல, பொரித்த சில மணி நேரத்திலேயே அது ஓடும், தானே இரை தேடும். பெற்றவை பக்கத்தில்தான் இருக்கும். அரிசி இறைத்தால் காக்கையும் நாயும்தான் விருந்துக்கு வரும்.

மரம் நடுகிறவர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வருகிறது; ஆனாலும் சொல்கிறேன். ஏரியின் உள்வாயில், அதாவது கரைக்கு உட்புறம் நீர் பரவும் இடத்தில், வரிசையாகக் கன்று நட்டால், திறந்த வெளியை நம்பி முட்டையிடும் பறவைக்கு அந்த இடம் போயிற்று. எதிரி வருவது தெரியாத இடத்தில் அது உட்காராது. சீமைக்கருவேலத்தை வெட்டுவது நல்ல வேலைதான். ஆனால் அதற்கான இயந்திரத்தை முட்டையிடும் காலமான சித்திரையில் இறக்காதீர்கள்.

2019இல் அமெரிக்காவின் சிகாகோவில், மிச்சிகன் ஏரிக்கரையில் ஓர் உப்புக்கொத்தி ஜோடி கூடு வைத்தது. அந்தப் பகுதியில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்பதால் அங்கே நடக்கவிருந்த இசை விழாவையே கைவிட்டார்கள்; தன்னார்வலர்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். அந்தக் காவலைப் பின்பற்றலாம். அங்கே கூட்டின் மேல் வைக்கும் கம்பிக்கூண்டைப் பார்த்து இங்கே வலை கட்டக் கூடாது. அது அனுமதி பெற்ற வல்லுநர்களின் வேலை. பறவை மிரண்டு முட்டையைக் கைவிட்டுவிடலாம். போதாக்குறைக்கு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்கையில் வாழும் பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டை என்றே சொல்கிறது.

ஆள்காட்டி இன்னும் பரவலாக இருக்கும் பறவை. ஆற்று மணல்திட்டுகளில் முட்டையிடும் ஆற்று ஆலாவோ உலக அளவிலேயே குறைந்துவருகிறது. அதன் முட்டையும் வெறும் மணலில்தான் கிடக்கும். ஆகவே பாலாற்றில் நடந்தாலும் கண் தரையிலேயே இருக்கட்டும்.