மலை ஏறினால் ஆக்சிஜன் குறையுமா? காற்று பற்றி நாம் செய்யும் தவறுகள்

பினாங்கின் கொடிமலை ரயில் பாதி தூரம் ஏறியதும் காது அடைக்கும். உடனே பெட்டியில் யாராவது பிள்ளையிடம் சொல்வார்கள்: "மேலே ஆக்சிஜன் கம்மிடா, அதான்."

காது அடைப்பதற்கும் ஆக்சிஜனுக்கும் சம்பந்தமே இல்லை. மேலே போகப் போக வெளியே காற்றழுத்தம் குறைகிறது. செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் காற்று விரிந்து அதை வெளியே தள்ளுகிறது. எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும். காற்றில் ஆக்சிஜனின் பங்கோ கடலோரப் பட்டர்வொர்த் படகுத்துறையிலும் கொடிமலையிலும் சபாவின் கினபாலு மலை உச்சியிலும் அதே 21 விழுக்காடுதான். காற்று மெலிவதால், ஒரு மூச்சில் உள்ளே போகும் மொத்த அளவுதான் குறைகிறது. கொடிமலையில் சுமார் 700 மீட்டர் ஏறினால் குறைவது 8 விழுக்காடு போல. உடம்புக்குத் தெரியவே தெரியாது. 4,095 மீட்டர் உயரக் கினபாலுவில் பத்தில் ஆறு பங்குதான் கிடைக்கும். அங்கே மூச்சு வாங்கும், சிலருக்குத் தலை வலிக்கும். ஆகவே விடைத்தாளில் ‘ஆக்சிஜன் விழுக்காடு குறைகிறது’ என்று எழுதாதீர்கள். குறைவது அதன் பகுதி அழுத்தம், அதாவது மொத்தக் காற்றழுத்தத்தில் ஆக்சிஜன் மட்டும் தரும் பங்கு.

டியூஷனில் என் சிவப்பு மை அதிகம் செலவாவது இதற்கு அடுத்த வரியில்தான்: ‘மலையில் தங்கினால் மனிதன் தகவமைப்புப் பெறுகிறான்.’ இல்லை, பழகிக்கொள்கிறான். நாம் சில வாரம் உயரமான இடத்தில் இருந்தால் ரத்தத்தில் சிவப்பணு கூடும்; கீழே வந்தபின் மெல்லப் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அது பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது. தகவமைப்பு என்பது தலைமுறை தலைமுறையாக மரபணுவில் தங்குவது. அதற்காக ‘மலைவாசிக்கு ரத்தம் கூடுதல்’ என்று மனப்பாடம் செய்வதும் ஆபத்து. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்களுக்குச் சரி, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் கூடுதல்தான். திபெத்தியர்களுக்கோ நேர்மாறு: ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியாகாதபடி அவர்களுடைய மரபணு பார்த்துக்கொள்கிறது. இமயமலையைத் தாண்டிப் பறக்கும் வரித்தலை வாத்து இன்னொரு வழி கண்டது. அதன் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை மற்ற வாத்துகளைவிட எளிதாகப் பற்றிக்கொள்ளும்.

சரி, வீட்டுப் பக்கம் வருவோம். இந்தத் தவற்றைச் செய்தவன் நானே. ஆர்க்கிட் செடியின் வேர் தொட்டிக்கு வெளியே தொங்குகிறதே, பாவம் என்று மண் போட்டு மூடினேன். மூன்றே வாரத்தில் அழுகிப்போனது. பக்கத்து வீட்டு அத்தை தன் செடியைக் காட்டினார்: தொட்டியில் மண்ணே இல்லை, கரித்துண்டும் செங்கல் சில்லும்தான். வெள்ளை வேரில் தண்ணீர் தெளித்ததும் அது கண்ணெதிரே பச்சையானது. வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சு போன்ற உறை தண்ணீரை உறிஞ்சியதும் உள்ளே இருக்கும் பச்சையம் தெரிகிறது. மரக்கிளையில், காற்றோட்டத்தில் வாழப் பிறந்த வேர் அது.

இதே குழப்பத்தில்தான் தூங்குமூஞ்சி மரத்தில் கூடைபோல் உட்கார்ந்திருக்கும் பெரணியை ‘மரத்தை உறிஞ்சுது’ என்று வெட்டிப் போடுகிறார்கள். அது மரத்திடம் எதையும் உறிஞ்சுவதில்லை. உதிரும் இலையைக் கூடையில் பிடித்து மக்கவைத்துச் சாப்பிடுகிறது. உறிஞ்சுவது புல்லுருவி. மாமரக் கிளைக்குள் வேர் இறக்கியிருக்கும். வெட்டுவதென்றால் அதை வெட்டுங்கள்.

அரச மரம் இரவிலும் ஆக்சிஜன் தரும் என்ற வாட்ஸ்அப் செய்தி எனக்கே இதுவரை பத்து முறை வந்திருக்கும். வெளிச்சம் இல்லாமல் எந்த மரமும் ஆக்சிஜன் தராது. இரவில் அதுவும் நம்மைப் போலச் சுவாசிக்கிறது. அன்னாசி, கள்ளி மாதிரியான செடிகள் இரவில் இலைத்துளை திறப்பது உண்மைதான். ஆனால் கரியமில வாயுவை உள்ளே வாங்கிச் சேர்த்து வைக்கத்தான். பகல் வெயிலில் திறந்தால் தண்ணீர் ஆவியாகிவிடுமே! படுக்கையறையில் செடி வைத்தால் மூச்சு முட்டும் என்பதும் வீண் பயம். இரவில் செடி விடும் கரியமில வாயுவைவிடப் பக்கத்தில் படுத்திருப்பவர் விடுவது எத்தனையோ மடங்கு.

கடைசியாக, கொடிமலையின் ‘பறக்கும் லெமூர்’ என்ற மரவாழ் விலங்கு. அது லெமூரும் இல்லை, பறப்பதும் இல்லை. பாலூட்டிகளில் உண்மையில் பறப்பது வௌவால் மட்டுமே. இது கழுத்திலிருந்து வால் நுனி வரை உள்ள தோலை விரித்துக் காற்றில் சறுக்குகிறது. பொழுது சாய்ந்தபின் பார்த்தால் தெரியும்: கிளம்பிய உயரத்தைவிடத் தாழ்வாகத்தான் அடுத்த மரத்தில் போய் ஒட்டும். பிறகு நகத்தை ஊன்றித் தத்தித் தத்தி மேலே ஏறும்.